பெரோஸ் காந்தி: அவையின் பேச்சை வாக்காளரிடம் சேர்த்தவர்

நாடாளுமன்றத்தின் அலுவல் வாரத்தில் வெள்ளிக்கிழமை பிற்பகலுக்குத் தனி இடம் உண்டு. அன்றைய கடைசி இரண்டரை மணி நேரம் அரசின் அலுவலுக்கு உரியதல்ல. அமைச்சராக இல்லாத உறுப்பினர்கள் தாமாகக் கொண்டுவரும் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் உரியது. தொகுதிக்குத் திரும்பும் அவசரத்தில் பலரும் புறப்பட்டுவிட, இருக்கைகள் பாதி காலியாகக் கிடக்கும் அவையில்தான் பெரும்பாலும் இவ்விவாதங்கள் நடைபெறுகின்றன. முதல் மக்களவை அமைந்த 1952-ஆம் ஆண்டு முதல் இவ்வழியே வந்து இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமானவை 14 மட்டுமே.

அந்தப் பதினான்கில் ஒன்று 1956-ஆம் ஆண்டின் நாடாளுமன்ற நடவடிக்கைகள் வெளியீட்டுப் பாதுகாப்புச் சட்டம். நாடாளுமன்றத்தில் பேசப்பட்டதைப் பத்திரிகைகள் வழக்குக்கு அஞ்சாமல் வெளியிட முதன்முதலில் வழி செய்தது இச்சட்டமே. இதைக் கொண்டுவந்தவர் ஆளும் காங்கிரஸ் கட்சியின் ரேபரேலி உறுப்பினர் பெரோஸ் காந்தி.

ஜவாஹர்லால் நேருவின் மருமகன், இந்திரா காந்தியின் கணவர், ராஜீவ் காந்தியின் தந்தை என்ற உறவுமுறைகளாலேயே அவர் இன்று பெரிதும் அறியப்படுகிறார். ஆனால், மக்களவையில் இருந்த எட்டு ஆண்டுகளில் எந்த அமைச்சர் பதவியும் வகிக்காமல், ஓர் உறுப்பினருக்கு உரிய கருவிகளை மட்டுமே கொண்டு அவர் செய்த பணி தனியாக நினைக்கத் தக்கது.

அலகாபாத் ஆக்கிய அரசியல்வாதி

பெரோஸ் 1912 செப்டம்பர் 12-ஆம் தேதி மும்பையில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். அவருடைய பெயரில் உள்ள காந்தி, மகாத்மாவின் உறவால் வந்ததன்று. பார்சிகளிடையேயும் வழங்கும் குடும்பப் பெயர் அது. தந்தை மறைந்த பின், அலகாபாதில் அறுவைச் சிகிச்சை மருத்துவராக இருந்த உறவினரின் வீட்டில் வளர்ந்தார். அங்குள்ள யூயிங் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1930-இல் கல்லூரி வாசலில் மறியல் செய்த பெண்களுக்குத் தலைமை தாங்கி வந்தார் நேருவின் மனைவி கமலா நேரு. அந்த நிகழ்ச்சிக்குப் பின் பெரோஸ் படிப்பை விட்டு விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார்.

அதே ஆண்டில் கைதாகி, பின்னாளில் பிரதமரான லால் பகதூர் சாஸ்திரியுடன் பைசாபாத் சிறையில் இருந்தார். ஐக்கிய மாகாண விவசாயிகளின் குத்தகை மறுப்புப் போராட்டத்தில் ஈடுபட்டு 1932, 1933-ஆம் ஆண்டுகளிலும் சிறை சென்றார். பின்னர் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் பயின்றார். 1942 மார்ச் 26-ஆம் தேதி அலகாபாதில் இந்திராவை மணந்தார். சில மாதங்களிலேயே வெள்ளையனே வெளியேறு இயக்கம் வெடிக்க, நைனி மத்தியச் சிறையில் ஏறத்தாழ ஓராண்டு அடைபட்டார்.

அவருடைய பிற்கால நாடாளுமன்றப் பணிக்கு உரமிட்டது 1946-இல் ஏற்ற பொறுப்பு. நேரு 1938-இல் லக்னோவில் தொடங்கிய நேஷனல் ஹெரால்டு நாளேட்டின் நிர்வாக இயக்குநரானார் பெரோஸ். ஒரு செய்தியை அச்சிடுவதற்கு முன் பத்திரிகை நிர்வாகம் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க நேரிடுகிறது, அவதூறு வழக்கு என்ற ஒரு சொல் எத்தனை செய்திகளை மேசையிலேயே முடக்கிவிடும் என்பதை உள்ளிருந்து அறிந்தவராகவே அவர் நாடாளுமன்றத்துக்கு வந்தார்.

ரேபரேலியும் தில்லியும்

1952-ஆம் ஆண்டின் முதல் பொதுத் தேர்தலில், அன்று பிரதாப்கர் மேற்கு - ரேபரேலி கிழக்கு என வழங்கிய தொகுதியிலிருந்து வென்றார். 1957-இல் ரேபரேலி தொகுதியிலிருந்து மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

லக்னோவுக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரேபரேலி, நிலப் போராட்டங்களின் நினைவு ஆழப் பதிந்த மாவட்டம். தாலுக்தார்களின் கொடுமையை எதிர்த்துத் திரண்ட குத்தகை விவசாயிகள் மீது 1921 ஜனவரியில் சாய் நதிக் கரையில் உள்ள முன்ஷிகஞ்சில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பெரோஸ் அங்கே உறுப்பினரானபோதுதான் உத்தரப் பிரதேசத்தில் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துகொண்டிருந்தது. பட்டா, குத்தகை, வாரம், கடன் என்று நிலத்தைச் சுற்றியே வாழ்க்கை அமைந்த மக்களுக்கு அவர் பிரதிநிதியானார். இளமையில் அதே மாகாணத்து விவசாயிகளுக்காகச் சிறை சென்றவருக்கு அவர்களுடைய குறைகள் புதியவை அல்ல.

இங்கேதான் ஒரு நடைமுறைச் சிக்கல் எழுகிறது. வாக்காளர் ரேபரேலியில் இருக்கிறார். உறுப்பினர் தில்லியில் பேசுகிறார். தொலைக்காட்சி இல்லாத அக்காலத்தில் இரண்டுக்கும் இடையே இருந்த பாலம் நாளிதழும் வானொலியும் மட்டுமே. அந்தப் பாலத்தில் ஒரு சுங்கச் சாவடி நின்றிருந்தது என்பது பின்னர்தான் வெளிப்பட்டது.

மூன்றாண்டு மௌனம்

முதல் மக்களவையின் தொடக்க ஆண்டுகளில் பெரோஸ் அதிகம் பேசவில்லை. பின்வரிசையில் அமர்ந்து அவை நடைமுறைகளைக் கற்றார். நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளையும் கணக்கேடுகளையும் படித்தார். நாடாளுமன்றத்தின் மைய மண்டபத்தில் அவர் வழக்கமாக அமரும் இடத்தில் கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்களும் செய்தியாளர்களும் கூடுவர்; பெரோஸின் மூலை என்றே அதற்குப் பெயர் வந்தது. அவையில் பேசிய நேரத்தைவிட, பேசுவதற்கான ஆதாரங்களைத் திரட்டிய நேரமே அவருக்கு மிகுதி.

அந்த உழைப்பின் பலன் 1955 டிசம்பர் 6, செவ்வாய்க்கிழமை வெளிப்பட்டது. காப்பீட்டுத் திருத்த மசோதா மீதான விவாதத்தில் எழுந்து, தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியாவின் கட்டுப்பாட்டில் இருந்த பாரத் காப்பீட்டு நிறுவனத்தின் நிதி எவ்வாறு கையாளப்பட்டது என்பதை அவர் விவரித்தார். ஆயுள் காப்பீட்டுக்காக எளிய மக்கள் செலுத்திய பிரீமியத் தொகை, தனியொருவர் வேறு நிறுவனங்களை வாங்குவதற்குத் திருப்பிவிடப்பட்ட வழிமுறையைக் கணக்குகளைக் கொண்டு அவையின் முன் வைத்தார்.

அடுத்த ஆறு வாரங்களில் அரசு முடிவெடுத்தது. 1956 ஜனவரி 19-ஆம் தேதி அவசரச் சட்டத்தின் மூலம் ஆயுள் காப்பீட்டுத் தொழில் அரசின் நிர்வாகத்துக்கு வந்தது. இந்திய, வெளிநாட்டு நிறுவனங்களும் சேமநலச் சங்கங்களுமாக மொத்தம் 245 அமைப்புகள் ஒன்றிணைக்கப்பட்டு, 1956 செப்டம்பர் 1-ஆம் தேதி ஆயுள் காப்பீட்டுக் கழகம், அதாவது எல்.ஐ.சி., உருவானது. தேசியமயத்துக்குக் காரணங்கள் பல இருந்தாலும், அதற்கான பொதுக் கருத்தை உருவாக்கியதில் அந்த ஓர் உரையின் பங்கு பெரிது.

சுங்கச் சாவடி எங்கே இருந்தது?

செல்வாக்கு மிக்க ஒரு தொழிலதிபரைப் பற்றி அவையில் பேச பெரோஸுக்குத் தடையேதும் இல்லை. அரசியல் சட்டத்தின் 105-ஆவது பிரிவு, அவையில் பேசும் பேச்சுக்காக உறுப்பினர் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடர முடியாது என்று உறுதி அளிக்கிறது. அவையின் அதிகாரத்தின் பேரில் வெளியிடப்படும் பதிவேடுகளுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. ஆனால், அதே பேச்சை மறுநாள் வெளியிடும் நாளிதழுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சட்டமன்றத்தில் ஆற்றிய உரையே ஆனாலும், அதைப் பத்திரிகையில் வெளியிட்டால் அவதூறுச் சட்டத்திலிருந்து முழு விலக்குக் கோர முடியாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் ஏற்கெனவே தீர்ப்பளித்திருந்தது.

இதன் பொருள் எளிது. உறுப்பினர் துணிந்து பேசலாம். பேசியதை அவருடைய வாக்காளர் படிப்பதற்குப் பத்திரிகை ஆசிரியர் சிறை செல்லும் துணிவோடு இருக்க வேண்டும். பணமும் வழக்கறிஞர்களும் உள்ளவர்களைப் பற்றிய பேச்சுகளே வடிகட்டப்படும் அபாயம் இதில் அதிகம்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் பெரோஸ் தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். மசோதா மிகச் சிறியது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நடந்தவற்றைப் பெரும்பாலும் உண்மை வழுவாமல் வெளியிடும் நாளிதழ் மீது உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடர முடியாது. வானொலி ஒலிபரப்புக்கும் இது பொருந்தும். தீய நோக்கத்தோடு வெளியிடப்பட்டது என்று நிறுவப்பட்டால் மட்டும் பாதுகாப்புக் கிடையாது. செய்தி பொதுநலனுக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. பத்திரிகைக்குக் கட்டற்ற சலுகை அளிப்பது அதன் நோக்கமல்ல. அவையில் நடந்ததை அறியும் குடிமகனின் உரிமைக்கே அது காவலாக நின்றது.

தனிநபர் மசோதாக்களில் பெரும்பாலானவை அறிமுகத்தோடு நின்றுவிடும். அல்லது அரசின் உறுதிமொழியைப் பெற்றுத் திரும்பப் பெறப்படும். இந்த மசோதா இரு அவைகளையும் கடந்து, 1956 மே 26-ஆம் தேதி அவ்வாண்டின் 24-ஆவது சட்டமாயிற்று.

முந்த்ரா விவகாரம்

புதிய சட்டத்துக்குப் பெரிய சோதனை அடுத்த ஆண்டே வந்தது. அதைக் கொண்டுவந்தவரும் பெரோஸே.

1957 ஜூனில் எல்.ஐ.சி., கல்கத்தா தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவுக்குத் தொடர்புடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஏறத்தாழ ரூ.1.25 கோடிக்கு வாங்கியது. நிறுவனங்கள் தடுமாறிக்கொண்டிருந்தன. எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவிடம் முன்கூட்டிக் கலந்து பேசவும் இல்லை. இது பற்றி நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட்ட கேள்விகளுக்கு நேரான விடை கிடைக்கவில்லை.

1957 டிசம்பர் 16, திங்கள்கிழமை பெரோஸ் இப்பிரச்சினையை விவாதத்துக்குக் கொண்டுவந்தார். பங்குச் சந்தை விலை, எல்.ஐ.சி. கொடுத்த விலை, வாங்கிய நாள் ஆகியவற்றை அடுக்கி, அரசு அளித்த விளக்கங்களோடு அவை பொருந்தாததைக் காட்டினார். நிதியமைச்சருக்கும் அவருடைய துறையின் முதன்மைச் செயலருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தும் அவையில் வெளிப்பட்டது. அவர் எதிர்த்து நின்றது தம்முடைய கட்சியின் அரசை. அதன் பிரதமர் தம்முடைய மாமனார்.

நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, தென்சென்னையிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். நேருவின் அமைச்சரவையில் ஆற்றல் மிக்கவர்களுள் ஒருவர் எனப் பெயர் பெற்றவர். அவையின் நெருக்குதலைத் தொடர்ந்து, மும்பை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவிடம் விசாரணை ஒப்படைக்கப்பட்டது. விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. மண்டபத்தில் இடம் கிடைக்காதவர்களுக்காக ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. 24 நாள்களில் பணியை முடித்த சாக்ளா, செயலரின் செயலுக்கு அமைச்சரே அரசியல் சட்டப்படி பொறுப்பாவார் என்று அறிக்கை அளித்தார். 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அம்மாத இறுதியில் நிதிநிலை அறிக்கையைப் பிரதமர் நேருவே தாக்கல் செய்ய நேர்ந்தது.

கிருஷ்ணமாச்சாரி பங்குகளால் தனிப்பட்ட ஆதாயம் பெற்றார் என்று எவரும் நிறுவவில்லை. 1962-இல் அவர் மீண்டும் மத்திய அமைச்சரானார். 1963-இல் மறுபடியும் நிதித்துறையை ஏற்றார். முந்த்ராவோ குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டுச் சிறை சென்றார்.

அன்றைய பத்திரிகைகள் இந்த விவாதத்தைப் பத்தி பத்தியாக வெளியிட்டன. டால்மியா விவகாரம் அவைக்கு வந்த 1955 டிசம்பரில் அவற்றுக்கு இல்லாத சட்டப் பாதுகாப்பு 1957 டிசம்பரில் இருந்தது. பாலிசி எடுத்திருந்த சாதாரண மனிதர், தம் பணம் எங்கே போனது என்பதைக் காலை நாளிதழில் படித்துத் தெரிந்துகொண்டார்.

கட்சிக்குள் ஒரு காவலர்

பெரோஸ் தனியார் துறை முழுவதற்கும் விரோதியா, அல்லது சொந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்பவரா என்ற ஐயம் அன்று எழுப்பப்பட்டது. டாடா நிறுவனமான டெல்கோ, ஜப்பானிய ரயில் எஞ்சினைவிட மிக அதிக விலை பெறுவதாகக் குற்றம்சாட்டி அதை நாட்டுடைமையாக்க வேண்டும் என்று அவர் கோரினார். டாடாக்களும் அவரைப் போலவே பார்சிகள் என்பதால் அச்சமூகத்தில் இது சலசலப்பை உண்டாக்கியது. அவரோ இனம், கட்சி, குடும்பம் ஆகிய மூன்றையும் கணக்குக்கு வெளியே வைத்தார்.

1959-இல் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையிலான கம்யூனிஸ்டு அரசு கலைக்கப்பட்டபோதும் அவர் மாறுபட்ட கருத்தே கொண்டிருந்தார். அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்து கலைப்புக்கு வாதாடியவர் இந்திரா காந்தி. பிரதமரின் தீன்மூர்த்தி இல்லத்தில் இந்திராவும் பிள்ளைகளும் வசிக்க, பெரோஸ் உறுப்பினருக்கு ஒதுக்கப்பட்ட வீட்டில் தனியே வாழ்ந்த காலம் அது.

1958-இல் ஏற்பட்ட மாரடைப்புக்குப் பின்னும் அவர் பணியைக் குறைக்கவில்லை. 1960 செப்டம்பரில் இரண்டாவது மாரடைப்பு வந்தது. பின்னாளில் ராம் மனோகர் லோகியா மருத்துவமனை எனப் பெயர் மாறிய தில்லி வெலிங்டன் மருத்துவமனையில் செப்டம்பர் 8-ஆம் தேதி காலமானார். 48-ஆவது பிறந்த நாளுக்கு நான்கு நாள்களே எஞ்சியிருந்தன.

சட்டத்தின் மரணமும் மறுபிறப்பும்

அவர் விட்டுச்சென்ற சட்டம் 19 ஆண்டுகள் உயிரோடு இருந்தது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுப் பத்திரிகைத் தணிக்கை வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 8-ஆம் தேதி பத்திரிகைகள் தொடர்பாக ஒரே நாளில் மூன்று அவசரச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. 1976-இல் நாடாளுமன்றம் அதை உறுதிசெய்தது. அன்று பிரதமர், பெரோஸின் மனைவியும் ரேபரேலியின் உறுப்பினருமான இந்திரா காந்தி. கணவர் இயற்றுவித்த சட்டத்தை மனைவியின் அரசு நீக்கியது என்பது குடும்பக் கதையாகவே அடிக்கடி சொல்லப்படுகிறது. அதைவிடக் கனமான விளைவு வேறொன்று: எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்த வேளையில், அவையில் எஞ்சியவர்கள் எழுப்பிய எதிர்க்குரலும் சுவர்களைத் தாண்டி வெளியே வர முடியாமல் போயிற்று.

1977 தேர்தலில் ரேபரேலி வாக்காளர்கள் இந்திரா காந்தியைத் தோற்கடித்தனர். ஆட்சிக்கு வந்த ஜனதா அரசு தொடக்க மாதங்களிலேயே அச்சட்டத்தை மீண்டும் இயற்றியது. அந்த அரசின் நிதியமைச்சர் எச்.எம். படேல், முந்த்ரா விவகாரத்தில் நிதித்துறை முதன்மைச் செயலராக விசாரணைக்கு உள்ளானவர் அவர்தான்.

சாதாரணச் சட்டத்தை ஓர் அவசரச் சட்டத்தால் அழித்துவிடலாம் என்பதை நாடு அதற்குள் அனுபவத்தில் கண்டிருந்தது. எனவே, 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்திலேயே 361ஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. பெரோஸின் சட்டம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே பொருந்தியது. புதிய பிரிவு மாநிலச் சட்டமன்றங்களுக்கும் அப்பாதுகாப்பை விரித்தது. அவைகளின் ரகசியக் கூட்டங்கள் மட்டும் விலக்கப்பட்டன. சென்னைச் சட்டப்பேரவையில் நடப்பதைத் தமிழ் நாளிதழ்கள் உண்மை வழுவாமல் வெளியிடுவதற்கு இன்று உள்ள பாதுகாப்பின் வேர் இதுவே.

எஞ்சியிருக்கும் கேள்வி

ரேபரேலியில் ஒரு கல்லூரியும் ஊஞ்சாஹாரில் ஓர் அனல்மின் நிலையமும் பெரோஸ் காந்தியின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஆனால், அவர் பயன்படுத்திய வழி ஏறத்தாழ மூடிக் கிடக்கிறது. தனிநபர் மசோதா ஒன்று இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமானது கடைசியாக 1970-இல்தான். அதற்குப் பின் 45 ஆண்டுகள் கழித்து, 2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை, தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமை மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. அதுவும் மக்களவையைக் கடக்கவில்லை. 2019-இல் அரசு தானே வேறொரு சட்டத்தை இயற்றியது.

நாடாளுமன்ற நடவடிக்கைகள் இன்று நேரலையாக வீடுகளுக்கு வருகின்றன. உறுப்பினர் பேசுவதை வாக்காளர் கேட்பதற்குத் தடையில்லை. கேட்கத் தக்க ஆதாரங்களோடு பேசுபவர் எத்தனை பேர், ஆளும் கட்சி வரிசையில் அமர்ந்துகொண்டே தம் அரசின் கணக்கைக் கேட்பவர் எத்தனை பேர் என்பதே இன்று வாக்காளர் முன் உள்ள கேள்வி. பெரோஸ் காந்தியின் எட்டு ஆண்டுகள் அதற்கு ஓர் அளவுகோலை விட்டுச்சென்றுள்ளன.